ஓலையும் நாணலும் புளியமுத்தும்: பிள்ளைகளோடு அரபு எழுத்தணி செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலப்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையிலும் நோன்பு மாதத்திலும் அரபு எழுத்தணி, அதாவது அரபு எழுத்துகளை அழகுற அமைக்கும் கலையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். கடையில் வாங்கும் மினுமினுப்புத் தூளையும் பிளாஸ்டிக் மணிகளையும் விட்டுவிட்டு, தாமிரபரணிக் கரையிலும் பனங்காட்டிலும் வீட்டு அடுக்களையிலும் கிடைப்பவற்றைக் கொண்டே செய்கிறோம். பிள்ளைகளை அழைத்து வரும் உம்மாமாரும் வாப்பாமாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்? பிள்ளைக்கு ஓதத் தெரிந்திருக்க வேண்டுமா?

ஓதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த எழுத்தைச் செய்கிறோமோ அந்த எழுத்தின் பெயரையும் ஒலியையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் முதல் எழுத்தான, நேர்கோடாக நிற்கும் அலிஃபை எழுதச் சொல்வதே போதுமான தொடக்கம். ஏழு வயதுக்கு மேல் பசை தொட்டு ஒட்டலாம், ஓலை முடையலாம். நாணல் சீவுவதும் மை காய்ச்சுவதும் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். மக்தபில் (குர்ஆன் பள்ளியில்) 'அலிஃப், பே, தே' என்று ராகத்தோடு ஒப்பிக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த எழுத்துகளின் உருவம் மனத்தில் பதிந்திருப்பதில்லை. கையால் ஒருமுறை செய்த எழுத்தை அவர்கள் மறப்பதில்லை என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

எத்தனையோ எழுத்து வகைகள் உள்ளனவே, எதைக் கற்றுக்கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு நான் தரும் பதில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்: கையில் இருக்கும் பொருளே எழுத்து வகையைத் தீர்மானிக்கட்டும். ஈராக்கின் கூஃபா நகரத்தின் பெயரால் வழங்கும் கூஃபி எழுத்து நேர்கோடுகளும் கோணங்களும் மிகுந்தது. அதிலிருந்து வந்த சதுரக் கூஃபி என்ற வகையில் வளைவே கிடையாது. ஈரானிலும் நடு ஆசியாவிலும் பள்ளிவாசல் சுவர்களில் செங்கற்களை மாற்றி மாற்றி அடுக்கி அந்த எழுத்தை அமைத்தார்கள். செங்கல் வளையாது என்பதால் எழுத்தும் வளையவில்லை. பனையோலையும் கோரையும் அப்படியே குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடும், எனவே முடைவதற்குச் சதுரக் கூஃபி ஏற்றது. குர்ஆன் பிரதிகளில் நாம் ஓதும் நஸ்க் எழுத்து உருண்டு தெளிவாக இருப்பதால் விதை ஒட்டவும் மணல் தூவவும் ஏற்றது. பள்ளிவாசல் முகப்புகளில் உயர்ந்து நிற்கும் துலுத் எழுத்தை நாணல் பேனாவால் மட்டுமே முயல வேண்டும், அதுவும் பிள்ளைக்குக் கை படிந்த பிறகு. பொருளுக்குப் பொருந்தாத எழுத்தைத் திணித்தால் பிள்ளை சோர்ந்துவிடும், தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். தவறு பிள்ளையிடம் இல்லை, நாம் தேர்ந்து கொடுத்ததில்தான் இருக்கிறது.

நாணல் பேனாவை எப்படிச் செய்வது?

ஆற்றங்கரையில் நாணல் புதர்களைப் பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் பருமனுள்ள, முற்றிய தட்டையாகப் பார்த்து, கணுவுக்குக் கணு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர விட வேண்டும். பச்சையாகச் சீவினால் முனை நார்நாராகப் பிரியும். காய்ந்த தட்டையின் ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற சோற்றைச் சுரண்டி எடுத்து, இருபுறமும் ஒடுக்கி, நடுவில் ஒரு கீறல் விட்டு, கடைசியாக முனையைச் சாய்வாக ஒரே வெட்டில் நறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முனை மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலம் இருப்பது நல்லது. வெட்டு சரியா என்று பார்க்க ஒரே ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி வட்டமாக வராமல், மூலையில் நிற்கும் சாய்சதுரமாக வந்தால் பேனா தயார். நாணல் கிடைக்காவிட்டால் மெல்லிய மூங்கில் போதும்.

பேனா சீவும் நாளில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. குர்ஆனின் 96ஆம் அத்தியாயத்தில், நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் இறங்கிய வசனங்களிலேயே, எழுதுகோலைக் கொண்டு இறைவன் கற்றுக்கொடுத்தது பேசப்படுகிறது. 68ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அல் கலம்', எழுதுகோல். அதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் பேனாவைக் காலடியில் போட்டுவிட்டு எழுந்து போனதில்லை.

வீட்டிலேயே மை காய்ச்ச முடியுமா?

முடியும். கண்மை செய்த உம்மம்மா வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அகலில் ஆமணக்கெண்ணெய் ஊற்றித் தடித்த திரி போட்டு ஏற்றி, அதற்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால் கரி படியும். ஒரு தேக்கரண்டிக் கரி சேர நாலைந்து இரவுகள் ஆகும். கருவேலம் பிசினை முதல் நாள் இரவே சிறிது தண்ணீரில் ஊற வைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கரியை நேரே தண்ணீரில் கொட்டினால் எண்ணெய்ப் பசையால் அது மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் சேராது. கரியை அம்மியிலோ சிறு கல்வத்திலோ இட்டு, கெட்டியான பிசின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். அரைத்தது பளபளவென்று தேன் போல இழுபட்ட பிறகே தண்ணீர் சேர்த்து இளக்கலாம். இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா பள்ளிவாசலில் எரிந்த விளக்குகளின் புகைக்கரியைத் திரட்டி எழுத்தணிக் கலைஞர்கள் மை செய்தார்கள் என்ற செய்தியை இந்த நேரத்தில் சொன்னால், அரைக்கும் பிள்ளைக்குக் கை வலி தெரியாது.

மைக்கூட்டுக்குள் ஒரு சிட்டிகைப் பட்டு நூலையோ பஞ்சையோ போட்டு வையுங்கள். பேனா அதைத் தொட்டு எடுக்கும்போது அளவான மைதான் ஏறும், தாளில் சொட்டாது. இது துருக்கியக் கலைஞர்களின் பழைய வழக்கம், சிறு பிள்ளைகளுக்கு இதைவிட உதவியான ஒன்று இல்லை.

தாளில் மை ஊறிப் பரவுகிறதே?

சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, சிட்டிகைப் படிகாரப் பொடி கலந்து, தாளின் மேல் மெல்லப் பூசி உலர்த்துங்கள். இரண்டாம் முறையும் பூசி, நன்றாகக் காய்ந்த பின், ஆற்றில் பொறுக்கிய வழுவழுப்பான கூழாங்கல்லாலோ சோழியாலோ தாளைத் தேயுங்கள். அரபு, பாரசீக எழுத்தர்கள் மாப்பசையும் முட்டை வெண்கருவும் பூசி மெருகேற்றிய முறையின் எளிய வடிவம் இது. மெருகேறிய தாளில் பேனா வழுக்கிக்கொண்டு போகும், பிழையான இடத்தை ஈரத்துணியால் துடைத்தும் எடுக்கலாம்.

பனையோலையில் எழுத்தாணியால் அரபு எழுதலாமா?

எழுதிப் பார்த்தோம், சரிவரவில்லை. ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. 'பே' எழுத்தின் நீண்டு கிடக்கும் கோட்டை எழுத்தாணியால் கீறினால் ஓலை அந்த நரம்போடு பிளந்துகொள்கிறது. ஓலையைத் திருப்பி வைத்தால் நிமிர்ந்து நிற்கும் அலிஃபும் லாமும் பிளக்கின்றன. வளைந்து வளைந்து செல்லும் தமிழ் எழுத்துக்கு வாய்த்தது நெடுங்கோடுகளால் ஆன அரபுக்கு வாய்க்கவில்லை. ஆகவே ஓலையில் கீறாதீர்கள், ஓலையை முடையுங்கள்.

ஓலையை முடைந்து எழுத்து வரவழைப்பது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்தில் ஒரே அளவாக வாரிக்கொள்ளுங்கள். பாதியை அப்படியே வெள்ளையாக வைத்து, மீதியைக் கறுப்பாக்க வேண்டும். அதற்குக் கடுக்காய்த் தூளைக் கொதிக்க வைத்த நீரில் ஓலையை ஓர் இரவு ஊறவிடுங்கள். முன்னதாகவே ஒரு மண்சட்டியில் துருப்பிடித்த ஆணிகளையும் கருப்பட்டி கரைத்த நீரையும் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்திருக்க வேண்டும். கடுக்காய் ஏறிய ஓலையை அந்த இரும்பு நீரில் தோய்த்தால் பிள்ளைகளின் கண் முன்னே கறுக்கத் தொடங்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும் என்பதே இதன் சூட்சுமம். கலம்காரித் துணியின் கறுப்பும் இப்படித்தான் வருகிறது. தோய்க்கும் வேலையைப் பெரியவர்கள் செய்வது நல்லது.

முதலில் முடைய நான் கொடுப்பது 'அல்லாஹ்' என்ற சொல். அதற்குப் புள்ளிகள் தேவையில்லை, நிமிர்ந்த கோடுகளும் ஒரு சிறு கட்டமுமே போதும். கட்டம் போட்ட தாளில் ஒன்பது கட்ட அகலமும் ஐந்து கட்ட உயரமும் எடுத்து, வலமிருந்து எண்ணுங்கள். முதல் நிரல் (மேலிருந்து கீழாக ஓடும் வரிசை) முழுவதும் கறுப்பு, அதுதான் அலிஃப். இரண்டாம் நிரல் முழுவதும் வெள்ளை, ஏனெனில் அலிஃப் தனக்குப் பின்வரும் எழுத்தோடு சேராது. மூன்றும் ஐந்தும் இரண்டு லாம்கள், முழு உயரத்துக்கும் கறுப்பு. ஏழு முதல் ஒன்பது வரை ஹே, அடியிலிருந்து மூன்றுக்கு மூன்று கட்டம், நடுக்கட்டம் மட்டும் வெள்ளை. அடிவரிசையில் மூன்றாம் நிரலிலிருந்து ஒன்பது வரை இடைவெளியில்லாமல் கறுப்பு ஓடி எழுத்துகளை இணைக்கும்.

இனி முடைச்சல். வெள்ளோலைகள் நெடுக்காக நிற்கும். எழுத்துக்கு ஒன்பதும் ஓரத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டுமாகப் பதின்மூன்று. கீழே இரண்டு வரிசையும் மேலே இரண்டு வரிசையும் வெள்ளோலையாலேயே சாதாரணமாக முடையுங்கள். இடையில் ஐந்து கறுப்போலைகள் குறுக்காக ஓடும். தாளில் கறுப்பு உள்ள கட்டத்தில் கறுப்போலை மேலே வரும், வெள்ளையில் அடியில் போகும். ஓரத்து ஓலைகளின் அடியில் நுழைந்து பின்பக்கம் மடங்கும். அடிவரிசையில் கறுப்போலை தொடர்ந்து ஏழு ஓலைகளுக்கு மேலே கிடப்பதால் தொய்யும். அங்கே நடுவில் ஒரு துளி புளியங்கொட்டைப் பசையை வைத்து அழுத்திவிடுங்கள். ஓலையை முடையும்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் ஒடியாது.

முடைந்தது கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலமாக வந்துவிட்டது. ஏன்?

தொடக்கத்தில் எனக்கும் இது நேர்ந்தது. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி நோன்பு மாதத்தில் நான்கு நாள் உட்கார்ந்து முடைந்ததைத் திருப்பிப் பார்த்தால் அலிஃப் இடது ஓரத்தில் நின்றது. மடக்குவதற்கு வசதியாக இருக்கிறது என்று பின்பக்கம் தன் முகத்தைப் பார்க்க வைத்து முடைந்திருந்தாள், நானும் கவனிக்கவில்லை. அவள் அழுததை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் முன்பக்கத்தின் வலது மூலையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறோம், நூல் இருக்கும் பக்கத்தில்தான் அலிஃப் நிற்க வேண்டும்.

பத்தமடைக் கோரையில் செய்யலாமா?

செய்யலாம். பத்தமடையில் மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கம் இருப்பதை நம் பக்கத்துப் பிள்ளைகள் அறிவார்கள். அங்கே நெசவில் கழித்த கோரைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் சிறு சுவர்ச்சித்திரங்களுக்கு ஏராளம். பழைய முறையில் அவர்கள் சிவப்புச் சாயம் ஏற்றப் பயன்படுத்திய சப்பாங்கிக் கட்டையை நீரில் கொதிக்க வைத்தால் நமக்கும் அந்தச் சிவப்பு கிடைக்கும். ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடியுங்கள்: உட்காரும், படுக்கும் பாயில் இறைப்பெயரோ வசனமோ வரக் கூடாது. சுவரில் தொங்கவிடுவதற்காக மட்டுமே அவற்றைச் செய்ய வேண்டும்.

விதைகளைக் கொண்டு என்ன செய்யலாம்?

புளியமுத்தை, அதாவது புளியங்கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய சதுரம், மூலைகள் மழுங்கியிருக்கும். நாணல் பேனா வைக்கும் புள்ளியின் வடிவமும் இதுவே. பக்தாதில் அமைச்சராக இருந்து 940ஆம் ஆண்டில் மறைந்த இப்னு முக்லா, பேனாவின் ஒரு புள்ளியை அளவுகோலாகக் கொண்டு எல்லா எழுத்துகளின் உயரத்தையும் வளைவையும் வகுத்தார். துலுத் எழுத்தில் அலிஃபின் உயரம் ஏழு புள்ளி, நஸ்கில் ஐந்து புள்ளி என்று கணக்கிடுவது வழக்கம். ஒரே அளவான புளியமுத்துகளாகப் பொறுக்கி, மூலையோடு மூலை தொடும்படி ஐந்தை நெடுக்காக அடுக்கி, அதன் பக்கத்தில் அலிஃப் வரையச் சொல்லுங்கள். எழுத்துக்கும் அளவு உண்டு என்று பிள்ளைக்கு விளங்க வேறு விளக்கம் வேண்டாம்.

புளியமுத்தால் நாங்கள் செய்யும் இன்னொன்றும் உண்டு. அட்டையில் மணலால் மூன்று எழுத்துச் சொல் ஒன்றைப் புள்ளியில்லாமல் அமைத்துக்கொள்கிறோம். எழுத்துக் கோட்டில் பல் போல நீட்டி நிற்கும் சிறு மேடுகளில் முதல் பல்லின் கீழ் ஒரு முத்து, நடுப்பல்லின் கீழ் இரண்டு, கடைசி எழுத்தின் மேல் இரண்டு வைத்தால் 'பைத்', வீடு. நடுப்பல்லின் கீழிருந்த இரண்டையும் எடுத்துவிட்டு மேலே ஒன்றை வைத்தால் 'பின்த்', மகள். இப்படிப் புள்ளிகளை நகர்த்தி நகர்த்தி விளையாடிய பிள்ளை, பிறகு ஓதும்போதும் எழுதும்போதும் புள்ளியை அலட்சியம் செய்வதில்லை.

மணலுக்குத் திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண் மிக அழகு. மணலின் மேல் படிந்த இரும்புத் துருவே அந்தச் சிவப்பைத் தருகிறது. உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பா அளவு எடுத்து வந்து சலித்து வைத்தால் ஓர் ஆண்டுக்குப் போதும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

குன்றிமணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகாக இருந்தாலும் அதன் பருப்பு கொடிய நஞ்சு, துளையிட்ட மணியை ஒரு பிள்ளை கடித்தால்கூட ஆபத்து. அரளிக் குச்சியும் வேண்டாம், கண்ணுக்குத் தீங்கான எருக்கம் பாலும் வேண்டாம். பசையில் பூச்சி வராமலிருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள், அதுவும் நஞ்சு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் விதை வேலையை மேசைமேல் மட்டும் செய்யுங்கள், தரையில் சிதறிய விதை குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அரிசி, பருப்பு ஒட்டலாமா?

நான் ஒட்டச் சொல்வதில்லை. உண்ணும் பொருளை அலங்காரத்துக்கு வீணாக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தவிர, எறும்பும் எலியும் தேடி வரும்.

எந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்?

தனி எழுத்து, பிறகு தன் பெயர், பிறகு 'ஸலாம்' (அமைதி), 'ஸப்ர்' (பொறுமை), 'நூர்' (ஒளி) போன்ற சிறு சொற்கள் என்று போவது நல்லது. சுவரில் மாட்டும் இறைப்பெயரைத் தவிர, பிஸ்மில்லாஹ்வையும் வசனங்களையும் கை படிந்த பிறகே எடுக்கிறோம், அவற்றை எழுதும் நாளில் உளூவோடு (தொழுகைக்குப் போலக் கைகால் முகம் கழுவிய தூய்மையோடு) அமர்வது எங்கள் வழக்கம். செல்பேசியில் கிடைக்கும் படத்தை அப்படியே பார்த்து வரையாதீர்கள். அரபு எழுத்துகள் பிரிந்து பிரிந்தும் இடமிருந்து வலமாகவும் அச்சான படங்களை நானே கண்டிருக்கிறேன். முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) பார்த்து எழுதி, ஒட்டுவதற்கு முன் மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் காட்டிவிடுங்கள்.

அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் வரலாமா?

தாராளமாக வரலாம், வருகிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய பெயரையே அரபு எழுத்தில் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அரபியில் இல்லாத 'ழ', 'ள', 'ட' போன்ற ஒலிகளுக்கு என்ன செய்வது என்று அவர்கள் கேட்கும்போதுதான் அரபுத்தமிழைப் பற்றிச் சொல்ல நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதுவதற்காக, அரபு எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து நம் முன்னோர் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மார்க்க நூல்கள் அந்த எழுத்தில் எழுதப்பட்டன, வீட்டுப் பெண்கள் அவற்றை ஓதி வந்தார்கள். பழைய அரபுத்தமிழ் ஏடு உங்கள் பரணில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கறையான் அரிக்கும் முன் காட்டுங்கள் என்று வருத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

பறவை, விலங்கு வடிவில் எழுத்தை அமைக்கலாமா?

சில வீடுகளில் விரும்பமாட்டார்கள், எனவே நான் தவிர்க்கிறேன். படகு, விளக்கு, இலை ஆகிய வடிவங்களில் அமைப்பதற்கு யாரும் தடை சொன்னதில்லை.

பிழையாகப் போனதை என்ன செய்வது?

தனி எழுத்தானால் மறுபடி பயன்படுத்துங்கள். இறைப்பெயரோ வசனமோ உள்ள தாளையும் ஓலையையும் குப்பையில் போடக் கூடாது. ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்து, கால் படாத சுத்தமான இடத்தில் ஆழமாகப் புதைக்கிறோம். ஆற்றில் விடும் வழக்கமும் உண்டு, ஆனால் தாமிரபரணி இன்று இருக்கும் நிலையில் அதில் இன்னும் ஒன்றைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஓலையும் மண்ணும் பிசினுமே நாம் பயன்படுத்தியவை என்பதால் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கிறதே?

பசை கிண்டும்போதே வேப்பிலை கொதிக்க வைத்த நீரைப் பயன்படுத்துங்கள். புளியங்கொட்டைப் பசை மைதாப் பசையைவிட நன்றாகத் தாங்கும். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊற வைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். ஓலை வேலைகளைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்புறம் இரண்டு ஈர்க்குத் துண்டுகளை வைத்துக் காற்று புகும்படி மாட்டுங்கள். மழை ஓய்ந்து வெயில் வந்த முதல் நாளில் இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு பொழுது காய வைத்து மீண்டும் மாட்டலாம். மஞ்சள் நீரில் வேகவைத்து உலர்த்திய ஓலையைப் பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும், எனவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்ட வேண்டாம்.